பெரிய ற

மாடிப்படிக்குக் கீழே
கிரிக்கெட் மட்டைகள் அடுக்கியிருந்த அறையை
சனவரியில் எங்களுக்கு ஒதுக்கித் தந்தார்கள்.
ஒரே யன்னல். அதற்கு அப்பால் தண்டவாளம்,
தண்டவாளத்துக்கு அப்பால் வெள்ளவத்தைக் கடல்.
பெர்னடெட் மிஸ் தன் பழைய சேலையைக் கிழித்துத்
திரை தைத்துக்கொண்டு வந்தார்.
இரண்டாம் வாரம்
மேல்வகுப்புப் பொடியன் யாராவதாய் இருக்கும்,
கதவில் மார்க்கரால் இரண்டு சொல் எழுதிவிட்டுப் போயிருந்தான்.
மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தேன்.
போகவில்லை. மஞ்சள் பெயின்ற் ஒரு பூச்சு அடித்தேன்.
அதைப் பற்றி நாங்கள் இருவரும் பேசவேயில்லை.

ஜெனோஷ் வாய் திறக்கமாட்டான். ரயில் பெட்டிகளை
விரலால் எண்ணுவான். பத்து இருபதுக்கு எட்டு.
பதினொன்று ஐந்துக்கு ஒன்பது.
ரயில்காரர் வேலைநிறுத்தம் செய்த மூன்று நாளும்
மேசைக்குக் கீழே இருந்தான்.
மூன்றாம் நாள் நானும் கீழே போய் இருந்தேன்.
சீமெந்து சில்லிட்டது.
அங்கிருந்து கடல் தெரியாது. சப்பாத்துகள் தெரியும்.
வாசிக்கச் சொன்னதும்
மிதுர்ஷனின் இடது கால்
தையல் மெஷின் ஊசிபோல அடித்துக்கொள்வதும் தெரியும்.
அரை வருடமாய் அவனுக்கு எதிரே இருந்தவள் நான்.

சஃப்னாவின் காதுக் கருவிக்குப் பற்றரி
புறக்கோட்டையில்தான் மலிவு.
மாதக் கடைசியில் அவளுடைய உம்மா
வெள்ளி வரும் வரை பொறுக்கச் சொல்வார்.
அந்த நாட்களில் சஃப்னா என் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பாள்,
நானோ மறந்துபோய்
கரும்பலகையைப் பார்த்துப் பேசிக்கொண்டிருப்பேன்.

ஆரபியின் சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் கேட்டு
பெப்ரவரியில் கடிதம் கொடுத்தோம்.
ஒக்டோபரில் வந்தது, கூரையைப்போலச் சரிந்து.
இரண்டு பேர் தள்ள, ஒருவர் முன்னால் நின்று பிடிக்க,
இறங்கி முடிந்ததும் அவள் சொன்னாள்:
“பத்துக்கு நாலு குடுக்கலாம்.”

அக்‌ஷிதனை ஜூனில் அப்பா வந்து கூட்டிக்கொண்டு போனார்.
“வீட்டில வச்சுப் பாக்கிறம் மிஸ்.”
நான் மறுத்துப் பேசவில்லை.
முதல் நாள் அவன் கடித்த இடம்
அப்போதும் என் கையில் எரிந்துகொண்டிருந்தது;
உள்ளே எங்கோ எனக்கு ஆறுதலாகவும் இருந்தது.
அவனுடைய துவாய் இன்னும் ஆணியில் தொங்குகிறது.

மிதுர்ஷனுக்கு எல்லாம் ரவைத் தட்டில்.
விரலால் ர. விரலால் ற.
கரி, கறி. இரை, இறை. மரம், மறம்.
சொல்லுக்கு முதலில் ற வராது என்று நான் சொன்ன மறுநாள்
சந்தைப் பலகையில் பார்த்துவிட்டு வந்து கேட்டான்:
“றால் எண்டு எழுதியிருக்கே மிஸ்,
புத்தகம் பிழையோ, மீன்காரர் பிழையோ?”
அன்றைக்குப் பாடம் அத்தோடு முடிந்தது.

கார்த்திகை மழை. கதவு ஊறி உப்பியது.
மஞ்சளுக்குள்ளிருந்து மார்க்கர் மெல்ல மேலே வந்தது.
நான் பார்க்க முதல் அவன் பார்த்துவிட்டான்.
யாரும் வாசிக்கச் சொல்லவில்லை.
விரலை வைத்து, எழுத்து எழுத்தாய்,
வி. ச. ர்.
பெர்னடெட் மிஸ் கையிலிருந்த கொப்பிகளைக் கீழே வைத்தார்.
அ. ரை.
முழுதாய் ஒருமுறை திருப்பி வாசித்தான்.
பதினொரு மாதத்தில்
தானாகவே அவன் வாசித்த முதல் வரி.
கை தட்டுவதா, கதவைக் கழற்றுவதா?

“மிஸ், சின்ன ர போட்டிருக்கு.
இது பாதி எண்டெல்லோ வரும்.
பெரிய ற வரவேணும்.”

மேசையிலிருந்த சிவப்புப் பேனையை
என்னைக் கேளாமல் எடுத்தான்.
ரகரத்தைச் சுற்றி ஒரு வட்டம். மேலே ற.
பின்னாலிருந்து ஆரபி,
“எத்தினை மார்க்ஸ்?” என்றாள்.
அவன் யோசித்துக்கொண்டு நின்றான்.

முதல் சொல் அவனுக்கு விளங்காமலா இருந்திருக்கும்?
நான் அவன் காலைப் பார்த்தேன்.
அடித்துக்கொண்டுதான் இருந்தது.
ற மட்டும் நேராக நின்றது.